உச்சி முகராதவள்

அலுவலகத்தில் எனக்குச் சோப்புக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கை கழுவப் போனதும் சொல்வார்கள். குழாயை மூடிவிட்டு நின்றால் நன்றாகவே கேட்கும். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறவளை, மேசை இழுப்பறையில் மூன்று வகை சோப்பு வைத்திருக்கிறவளை, வேறு என்னவென்று கூப்பிடுவது? ஏன் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் வாடை என் அம்மாவுக்கு ஆகாது.

அம்மா செத்து எட்டு மாதம் ஆகிறது. நான் இன்னமும் குளித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உளவியல் துறையின் இரண்டாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம் தெரிகிற அறையில் எனக்கு வேலை. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். இப்போது கையில் இருப்பவை பழைய கேசட்டுகள். எங்கள் பேராசிரியை முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால், சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஊரெல்லாம் அலைந்து மனிதர்களிடம் பேசிப் பதிவு செய்தவை அவை. விஷயம் இன்பம். மனிதன் எதில் சுகப்படுகிறான், எதற்காக அதை விடுகிறான், விட்டபின் அது எங்கே போகிறது. ஓய்வு பெறுகிற வயதில் அதைப் புத்தகமாக்க ஆசை வந்து, பரணில் கிடந்த பெட்டிகளை இறக்கினார்கள். எதிர் மேசைக்காரருக்குப் பாதி, எனக்குப் பாதி.

ஏழாவது கேள்விதான் சாரம். உங்களுக்கு எதில் ரொம்ப சந்தோஷம், கடைசியாக அதை எப்போது அனுபவித்தீர்கள். ஒரு பேருந்து ஓட்டுநர், வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுகிற முதல் நிமிடம் என்றார். ஒரு அம்மாள், எல்லோரும் வெளியே போனபின் வீட்டில் இருக்கிற அமைதி என்று சொல்லிவிட்டு, இது என் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்றாள். ஒருவர் நாற்பது விநாடி பேசாமல் இருந்துவிட்டு, மன்னிக்கணும், அடுத்த கேள்விக்குப் போயிடலாம் என்றார். எனக்கு அவரைத்தான் பிடித்தது.

எங்கள் வேலைக்கு இரண்டு விதிகள். ஒன்று, கேட்பது எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். பேச்சை மட்டுமல்ல, இருமல், நாற்காலி நகர்வது, மூச்சு, எல்லாம் அடைப்புக்குறிக்குள். மௌனம் என்றால் எத்தனை விநாடி என்று எண்ணிப் போட வேண்டும். இரண்டு, தெரிந்தவர் குரல் என்று பட்டால் அந்த நொடியே நிறுத்திக் கேசட்டை நீலத் தட்டில் வைத்துவிட வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்வார். எதிர் மேசைக்காரர் ஒரு தடவை தன் மைத்துனர் குரலைக் கண்டு யோக்கியமாகத் தட்டில் வைத்தார். அப்புறம் ஒரு வாரம் என்னிடம் வந்து வந்து, அவர் என்ன சொன்னார் என்று துருவினார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மைத்துனர் சொன்னதை நான் சாகும்வரை சொல்ல மாட்டேன்.

இந்த வேலையில் இருபது வருடம் இருந்தால் மௌனத்திலும் ஆளை அடையாளம் தெரியும். ஒருவர் யோசிக்கும்போது மூக்கால் மூச்சு விடுவார். ஒருவர் எச்சில் விழுங்குவார். இது எனக்கு வரம் என்று பேராசிரியை சொல்வார். நான் அப்படி நினைக்கவில்லை.

இப்போது எங்கள் மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் போய்க்கொண்டிருந்த பிரார்த்தனை மண்டபத்தில் சிலை, படம் எதுவும் கிடையாது. வெள்ளைச் சுவர்தான். ஏதாவது வேண்டுமென்றால் சுவரோடு முகத்தை ஒட்டி, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, ஒன்றை விடுகிறேன் என்று சொல்ல வேண்டும். விடுவது நமக்கு எது ரொம்ப இனிக்கிறதோ அதுவாக இருக்க வேண்டும். இரண்டாவதாகப் பிடித்ததை விட்டால் காதில் விழாது. அப்புறம் ஒரு கட்டு: யாருக்காக விட்டோமோ அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் விட்டது நம்மிடம் வந்துவிடும், கேட்டது கையை விட்டுப் போய்விடும். தெருவில் எங்களை ‘விட்டவங்க’ என்பார்கள். விட்டவங்க வீட்டுக்குக் கடன் கேட்டுப் போகாதே, உப்பையும் விட்டிருப்பாங்க என்று கேலி செய்வார்கள்.

அப்பா ஒரு தடவை வேலை மாற்றல் கிடைக்கச் சர்க்கரையை விட்டார். மாற்றல் வரவில்லை. தனக்குச் சர்க்கரை அவ்வளவாகப் பிடிக்காது என்பதை மேலே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்லி மறுபடி காப்பியில் மூன்று கரண்டி போட்டுக்கொண்டார். அப்பா அப்படி. அம்மா அப்படி இல்லை. அவள் என்ன விட்டாள், எதற்கு விட்டாள் என்று ஒரு நாளும் பேசியதில்லை. வீட்டில் யாராவது பலமாகச் சிரித்தால், ரொம்பச் சிரிக்காதீங்க, அப்புறம் அழணும் என்பாள். அவ்வளவுதான்.

எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து பிழைத்தேன். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அத்தை சொல்லித்தான் தெரியும். அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவள். நீ குளிச்சிட்டு வந்தா உங்கம்மா உன்னைக் கீழயே விடமாட்டா, உச்சியிலயே மூக்கு இருக்கும் என்று சொல்வாள். காய்ச்சலுக்குப் பிறகு எனக்குத் தலை வாரியது அத்தைதான். சோறு பிசைந்து தட்டில் வைப்பாள் அம்மா, ஊட்ட மாட்டாள். நான் ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டினால் கையைப் பிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இரண்டு வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். அவனை முகர்ந்தாள், கொஞ்சினாள், மடியிலேயே வைத்திருந்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

குழந்தை என்ன நினைக்கும்? காய்ச்சல் போகும்போது என் உடம்பில் ஒரு நாற்றத்தை வைத்துவிட்டுப் போய்விட்டது, அது அம்மாவுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அன்றைக்குக் கையில் எடுத்த சோப்புதான்.

ஒன்று மட்டும் உண்டு. அத்தை எனக்குத் தலை வாரிவிட்டு எழுந்து போனதும், சில நாள் என் பின்னால் யாரோ வந்து நிற்பார்கள். திரும்பாமலே தெரியும், அம்மா. தலைக்கு மேலே, ரொம்பக் கிட்டத்தில், ஒரு முகம் குனிந்திருக்கிற கதகதப்பு. ஆனால் மூச்சு இருக்காது. காற்று அசையாது. பத்து எண்ணுவேன், பதினைந்து எண்ணுவேன். அப்புறம் காலடிச் சத்தம் விலகும். நாற்றம் தாங்காமல் மூக்கை அடைத்துக்கொண்டு, போயிற்றா என்று பார்த்துவிட்டுப் போகிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஒன்பது வயதில் நானே மண்டபத்துக்குத் தனியாகப் போனேன். சுவரோடு முகத்தை ஒட்டினேன். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பாட்டு. குளிக்கும்போது நானே இட்டுக்கட்டிப் பாடுவேன், தொண்டை கிழிய. அம்மா என்னை ஒரே ஒரு தடவை முகர்ந்து பார்க்கணும், பாட்டை விடுகிறேன் என்றேன். அன்றிலிருந்து பாடவில்லை. அம்மாவும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பேன். வளர்ந்தபின் மண்டபத்துக்குப் போவதை நிறுத்தினேன், சுவரையும் நம்பவில்லை, ஆனால் வாய் திறக்கவில்லை. குரல் துருப்பிடித்துப் போயிற்று.

கடைசி நாளில் அம்மா தம்பி வீட்டில் படுத்திருந்தாள். பகல் மூன்று மணி. அன்று காலையில் நான் மூன்று தடவை குளித்திருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நாற்பத்துநாலு வயதுக்காரி, புதுச் சட்டை வாங்கின பிள்ளைமாதிரி அவள் முகத்துக்குக் கிட்டே என் தலையைக் கொண்டுபோய்க் குனிந்தேன். அவள் கையைத் தூக்க முடியாதவள். ஆனாலும் தூக்கினாள். தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்படியே அரை மணி நேரத்தில் போய்விட்டாள். தம்பி மனைவி நல்ல பெண், மருந்து வாடையா இருக்கும்க்கா என்றாள். நான் நேரே குளியலறைக்குப் போனேன்.

அந்த மாதம்தான் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினார்கள். அந்த மாதமே என் நாற்காலிக்குப் பின்னால் அவள் நிற்க ஆரம்பித்தாள்.

பைத்தியம் என்று நினைக்காதீர்கள்; உளவியல் துறையில் வேலை செய்கிறவளுக்கு அந்தச் சந்தேகம் முதலிலேயே வந்துவிடும். வீட்டில் இல்லை, தெருவில் இல்லை. ஹெட்போனை மாட்டிக் கேசட்டை ஓடவிட்டால் மட்டும் தலைக்கு மேலே அந்தக் கதகதப்பு வரும். மூச்சில்லாத முகம். செத்தும் என் நாற்றத்தைப் பார்க்க வருகிறாயா என்று கோபம்தான் வந்தது எனக்கு, பயம் அப்புறம்தான் வந்தது. பயம் வந்தது எதிர் மேசைக்காரரால். அவர் ஜன்னலுக்குப் போகும்போது என் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே தாராளமாகப் போகலாம். போக மாட்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு போவார். ஏன் சுற்றிப் போகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அந்த இடைவெளியைப் பார்த்தார்.

“தெரியல. அங்க இடம் இல்லாத மாதிரி இருக்கு.”

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் ‘பேசுபவர் முப்பத்தொன்று’ என்ற கேசட்டைப் போட்டேன். பெண், வயது முப்பத்துநாலு என்று உறையில் எழுதியிருந்தது. முதல் ஆறு கேள்விகளுக்கு ஆமாம், இல்லை, தெரியாது. குரலில் ஒன்றும் பிடிபடவில்லை, இளம் குரல். ஏழாவது கேள்வி வந்தது. மௌனம். எண்ண ஆரம்பித்தேன். எட்டு, ஒன்பது. அந்த மௌனத்தில் மூச்சு இல்லை. பின்னால் தெருவில் ஒரு மணியடித்தது, நாற்காலி கிறீச்சிட்டது, மூச்சு மட்டும் இல்லை. பதினைந்து. பதினெட்டு. எனக்குத் தெரிந்து அப்படி மூச்சை அடக்குகிறவள் ஒருத்திதான்.

பத்தொன்பதாவது விநாடியில் அவள் பேசினாள்.

“இருந்துச்சு. விட்டுட்டேன்.”

“எதைன்னு சொல்லலாமா?” என்று கேட்டது பேராசிரியையின் சின்ன வயதுக் குரல்.

“யார்கிட்ட வேணாலும் சொல்லலாம். ஒருத்தர்கிட்ட மட்டும் கூடாது.”

கேசட்டை ஓட்டுகிற மிதியிலிருந்து காலை எடுத்தேன். கேசட் நின்றது. நீலத் தட்டு கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அலுவலக விதியும் அதையே சொல்கிறது, மண்டபத்து விதியும் அதையே சொல்கிறது: நிறுத்து, கேட்காதே. தலைக்கு மேலே அந்த முகம் இதுவரை வந்ததைவிடக் கிட்டே வந்திருந்தது. என் முடி ஒவ்வொன்றுக்கும் அது தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவள் எட்டு மாதமாக என்னைப் பார்க்க வரவில்லை, இந்தக் கேசட் என் கைக்கு வரக் கூடாது என்று காவல் நிற்க வந்திருக்கிறாள். பெட்டி இறங்கிய நாளிலிருந்து நிற்கிறாள்.

அந்த ஒருத்தர் யார் என்று எனக்கு அரைகுறையாகப் புரிந்துவிட்டது. முழுசாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் புரிந்தது. தட்டில் வைத்துவிட்டு எதிர் மேசைக்காரரிடம் துருவித் துருவிக் கேட்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. முப்பத்தெட்டு வருடமாகக் குளிக்கிறேன். இனியும் குளிக்க என்னால் முடியாது. மிதியை அழுத்தினேன்.

“எங்க பெரிய பொண்ணு,” என்றாள் அம்மா. “குளிச்சிட்டு வந்தா அவ உச்சியில மூக்க வெச்சு மோந்துக்கிட்டே இருப்பேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. சோறு தண்ணி வேணாம் எனக்கு. ஆறு வயசுல அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, பன்னெண்டு நாளு. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. எது ரொம்பப் பிடிக்குமோ அத விடணும்னு சுவர்கிட்ட போய் நிக்கிறேன், வேற என்னத்தச் சொல்ல? பொய் சொன்னா பிள்ளை போயிடும். அதையே விட்டேன்.”

அப்புறம் குழந்தையைத் தொடவே இல்லையா என்று பேராசிரியை கேட்டார். தொட்டால் முகம் தானாகக் குனிந்துவிடுகிறது என்றாள் அம்மா, அதனால் தொடுவதையும் விட வேண்டியதாயிற்று. சின்னவனை முகர்கிறாள்தான், ஆனால் அது பசிக்குத் தண்ணீர் குடிக்கிறமாதிரி. சில நாள் தாங்காமல் பெரியவள் பின்னால் போய் நிற்பாளாம். மூச்சை அடக்கிக்கொண்டு, முடிகிறவரைக்கும். கிட்ட நிற்பதை விடவில்லையே, முகர்வதைத்தானே விட்டேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு.

நான் எல்லாவற்றையும் அடித்தேன். விரல்கள் தாமாக அடித்தன.

வேறு சந்தோஷம் எதுவும் இல்லையா என்று கேள்வி வந்தது. (மௌனம், ஆறு விநாடி.) “இருந்துச்சு ஒண்ணு. குளிக்கும்போது பாடுவா. அவளே கட்டுன பாட்டு.” அம்மா அதை ராகமில்லாமல், மளிகைச் சீட்டு வாசிக்கிறமாதிரி சொன்னாள்: “வாளி வாளி ரொம்பின வாளி, வழிஞ்சு போச்சு எல்லாம் காலி. அடுப்படியில நின்னு கேப்பேன். கேக்கறத நான் விடலயே. போன வருஷத்துலேருந்து பாட்டும் நின்னுபோச்சு. நான் திருட்டுத்தனமா அனுபவிக்கிறது மேல இருக்கறவருக்குத் தெரிஞ்சுபோச்சு போல. அதையும் எடுத்துக்கிட்டாரு.”

அடிப் பாவி. எடுத்துக்கொண்டது நான். உனக்கு மிச்சமிருந்த ஒன்றை நான்தான் கொண்டுபோய்ச் சுவரில் வைத்தேன், நீ வர வேண்டும் என்று. மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. எதிர் மேசைக்காரர் இருந்ததால் முட்டிக்கொள்ளவில்லை.

கேசட்டில் பேராசிரியையின் குரல் தயங்கியது. குறிப்பில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

“அந்தக் குழந்தைகிட்ட சொல்லிடலாமேம்மா. அவ என்ன நெனச்சுக்குவா?”

“அம்மாவுக்கு நம்மளப் பிடிக்கலன்னு நெனச்சுக்குவா. நெனச்சுக்கட்டும். சொன்னா செத்துடுவாளே.”

அதற்குப் பிறகு கேசட்டில் இரைச்சல்தான். எட்டாவது கேள்விக்கு அவர்கள் போகவில்லை. நான் இரைச்சலையும் நேரம் பார்த்துப் போட்டேன். ஹெட்போனைக் கழற்றினேன். முகம் போகவில்லை. வழக்கமாகக் கழற்றினால் போய்விடும்; அன்று அப்படியே தலைக்கு மேலே நின்றது. முப்பத்தெட்டு வருடம் அடக்கிய மூச்சோடு நின்றது. இனி எதற்கு அடக்க வேண்டும்? எனக்குத்தான் தெரிந்துவிட்டதே. கட்டு அறுந்தாயிற்று.

பாடினேன். அதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கதவுக் கீல் சத்தம். வாளி வாளி ரொம்பின வாளி. எதிர் மேசைக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வழிஞ்சு போச்சு எல்லாம் காலி. இரண்டாம் தடவை பாடும்போது தொண்டை கொஞ்சம் இளகியது.

என் உச்சியில் ஒரு மூக்கு அழுந்தியது. மூச்சு உள்ளே போனது. மெதுவாக, நிறுத்தாமல், தண்ணீர் காணாதவள் சொம்பை வாயில் கவிழ்த்துக்கொள்கிறமாதிரி. என் மயிர்க்கால்கள் எல்லாம் மேலே இழுபட்டன. கை பழக்கத்தில் போய் அடித்தது: (மூச்சு உள்ளிழுக்கும் ஒலி, இருபத்திரண்டு விநாடி.) வெளியே விடுகிற மூச்சைக் கேட்கக் காத்திருந்தேன். அது வரவில்லை. என் பின்னால் யாரும் இல்லை.

பேசுபவர் முப்பத்தொன்று முடிந்தது என்று அடித்துச் சேமித்தேன். எதிர் மேசைக்காரர் ஜன்னலைச் சாத்த எழுந்தார். மேசையைச் சுற்றாமல், என் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் நேராக நடந்து போனார். போனது அவருக்கே தெரியவில்லை. திரும்பி வரும்போது நின்றார். என் முகத்தைப் பார்த்தார், தயங்கி, புறங்கையை என் நெற்றியில் வைத்து எடுத்தார்.

“அய்யய்யோ, அனலா கொதிக்குது. எப்பலேருந்து காய்ச்சல்?”

“ஆறு வயசுலேருந்து,” என்றேன்.